தூசிக்கு மருந்து அடிக்கும் முன் கிணறுகளைப் பாருங்கள்

யாழ்ப்பாண மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவருக்கும், அதில் அமரும் மாவட்டச் செயலர், பிரதேச செயலர்கள், உள்ளூராட்சி மன்றத் தலைவர்கள், மத்திய சுற்றாடல் அதிகார சபை, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், வீதி அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சுண்ணாம்புக்கல்லும் கிரவலும் கருங்கல் தூளும் ஏற்றிய டிப்பர்கள் ஓடும் எங்கள் வீதிகளில் தூசி தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. முறைப்பாட்டுக் கடிதங்கள் உங்கள் மேசைகளில் ஏற்கெனவே கிடக்கும். இன்னுமொரு முறைப்பாடாக இதை எழுதவில்லை. வெளிநாட்டுச் சுரங்கங்களில் செய்வது போல இங்கேயும் வீதிக்கு இரசாயனம் தெளித்துத் தூசியை அடக்கலாம் என்ற பேச்சு இப்போது எங்கள் பக்கம் அடிபடுகிறது. சனசமூக நிலையத்தில் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். "உப்பு மருந்து ஒருக்கா அடித்தால் மாதக்கணக்கில் தூசி எழும்பாது" என்று ஒப்பந்தகாரர் ஒருவர் ஊராருக்குச் சொல்லியிருக்கிறார். அது வருமட்டும் பொறுக்க முடியாமல் சில ஒழுங்கைகளில் சனங்கள் கராஜ்களில் இருந்து கழிவு ஒயிலை வாங்கி வந்து படலை வாசலில் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த இரண்டையும் உடனே நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தூசியைக் கட்டாயம் அடக்க வேண்டும். இரசாயனம் என்ற பெயரைக் கேட்டவுடன் எதிர்க்கிறவனும் நான் இல்லை. ஆனால் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பொருத்தமான மருந்து, சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருந்து அதற்குள் ஊறும் தண்ணீரைக் குடிக்கிற எங்களுக்குப் பொருந்தாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் வலிகாமத்தில் பிறந்தவன். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் திறந்த நிலக்கரிச் சுரங்கமொன்றில் தூசிக் கட்டுப்பாட்டு வேலையில் பல வருடங்கள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். இப்போது எங்கள் ஊரில் பேசப்படும் அந்த மருந்துகளைத்தான் அங்கே பவுசர் பவுசராகத் தெளித்தோம். அவை எங்கே வேலை செய்யும், ஏன் வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் நிலக்கரியின் கதையைச் சொல்கிறேன். அது விளங்கினால்தான் எங்கள் கல்லின் கதை விளங்கும்.

நிலக்கரித் தூளுக்குத் தண்ணீர் பிடிக்காது. நன்றாக அரைபட்ட கரித் தூளை ஒரு தட்டில் பரப்பி அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உடையாது. உருண்டு திரண்டு மேலேயே நிற்கும். அதைச் சுற்றிக் கரித்தூள் கறுப்புச் சட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கீழே தூள் காய்ந்தபடியே கிடக்கும். தட்டைச் சரித்தால் சொட்டு ஓடிப்போய்விடும், தூள் அப்படியே இருக்கும். சுரங்கத்தில் வெறும் தண்ணீரை எவ்வளவு அடித்தாலும் நுண்ணிய தூசி பறப்பது இதனால்தான். தண்ணீரைச் சொட்டாகத் திரட்டி வைத்திருக்கும் விசைக்கு மேற்பரப்பிழுவிசை என்று பெயர். தண்ணீருக்கு அது மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். சவர்க்காரத்தைப் போன்ற ஒரு நனைப்பானைச் சிறிதளவு கலந்தால் அது 30 அளவுக்கு இறங்கும். அப்போது அதே சொட்டு தட்டில் பரவி, தூளுக்குள் இறங்கி, கரியை நனைத்துப் பாரமாக்கும். நிலக்கரிக்கு இரசாயனம் தேவைப்பட்ட முதற்காரணம் இதுதான். வெட்டும் இயந்திரத்தின் பற்களுக்கு அருகிலும், கரி ஓர் ஓடுபட்டியிலிருந்து இன்னோர் ஓடுபட்டிக்கு விழும் இடங்களிலும் இந்த நனைப்பானைத் தண்ணீரோடு கலந்து அடிப்பார்கள். சில இடங்களில் நுரையாக்கி அடிப்பார்கள். நுரைக்குத் தண்ணீர் குறைவாகப் போதும்.

இரண்டாவது, சுரங்கத்துக்குள் ஓடும் மண் வீதிகள். இருநூறு தொன்னுக்கு மேல் ஏற்றும் பாரவண்டிகள் இரவு பகலாக ஓடும். அந்த வீதிகளுக்குத்தான் கல்சியம் குளோரைட்டு, மகனீசியம் குளோரைட்டு போன்ற உப்புகளும், கடதாசி ஆலைகளின் மரக்கூழ்க் கழிவிலிருந்து எடுக்கும் லிக்னோசல்பனேற்று என்ற பசையும், தார்க் குழம்பும் பயன்படும்.

மூன்றாவது, ரயில். கரி ஏற்றிய பெட்டிகள் கூரையில்லாமல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் துறைமுகத்துக்கு ஓடும். வழியில் ஊர்கள் இருக்கின்றன. ஏற்றும் இடத்திலேயே கரியின் மேற்புறத்தைக் காற்றுக்கு எடுபடாதபடி தட்டையாகச் சமப்படுத்தி, அதன் மேல் பொலிமர்ப் பசையைத் தெளித்துவிடுவார்கள். அது காய்ந்து மெல்லிய பொருக்காகிக் கரியைப் பிடித்து வைத்திருக்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய ரயில் நிறுவனம் கரி அனுப்புவோரிடம், இப்படித் தெளித்தோ வேறு வழியாலோ தூசியை 85 சதவீதம் குறைத்தால்தான் ஏற்றுவோம் என்று 2011 முதல் விதியே போட்டது.

நிலத்தடிச் சுரங்கங்களில் இன்னொரு பயம் உண்டு. கரித்தூசி காற்றில் கலந்து தீப்பொறி பட்டால் வெடிக்கும். 1906 இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் அப்படியொரு வெடிப்பில் 1,099 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க இன்றுவரைக்கும் சுரங்கச் சுவர்களிலும் கூரையிலும் தரையிலும் ஒரு பொடியைத் தூவுகிறார்கள். அந்தப் பொடி எது என்று நினைக்கிறீர்கள்? அரைத்த சுண்ணாம்புக்கல். அமெரிக்கச் சட்டப்படி தரையில் கிடக்கும் தூளில் எரியாத பொருள் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். கரித்தூசியின் தீயைத் தணிக்க அவர்கள் காசு கொடுத்து வாங்கும் கல்லும் எங்கள் டிப்பர்களில் இருந்து பறக்கும் கல்லும் ஒரே வகை. கரியும் சுண்ணாம்புக்கல்லும் எவ்வளவு தூரம் வேறு வேறு குணம் கொண்டவை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

சரி, இனி எங்கள் கல்.

தட்டில் கரித்தூளை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கல் தூளைப் பரப்பி அதே சொட்டை விடுங்கள். விட்ட மாத்திரத்தில் உள்ளே இறங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லுக்குத் தண்ணீர் பிடிக்கும். எனவே நனைப்பான் என்று விற்கப்படும் எந்த மருந்தும் இங்கே தேவையில்லை. கல்லுடைக்கும் ஆலைக்கு அதை வாங்கச் சொல்லி யாராவது வந்தால், அந்தக் காசுக்கு நல்ல தெளிமுனைகளை வாங்கச் சொல்லுங்கள். ஏனென்றால் தண்ணீர் தெளிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தோட்டத்துக்கு இறைக்கும் குழாயால் அடித்தால் பெரிய துளிகள் விழும். பெரிய துளி விழும்போது அதைச் சுற்றி விலகி ஓடும் காற்று நுண்தூசியையும் தன்னோடு விலக்கிக்கொண்டு போய்விடும். துளிக்கும் தூசிக்கும் முட்டுப்படவே வாய்ப்பில்லை. சுவாசப்பைக்குள் இறங்குகிற தூசி ஒரு சில மைக்ரோன் அளவு (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைப் பிடிக்கத் துளியும் மிகச் சிறிதாக, பனிப்புகார் போல இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆலைகளில் தண்ணீர் அடிப்பதை வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். தரை சேறாகிறது, புகை அப்படியே மேலே போகிறது.

அடுத்ததாக வீதி. வீதிக்குத் தண்ணீர் தெளித்தால் சோழகக் காற்று வீசும் மாதங்களில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். பவுசர் திரும்பி வருவதற்குள் பழையபடி புழுதி. அதனால்தான் உப்பைப் பற்றிக் கதை வருகிறது. உப்பு உண்மையில் நன்றாக வேலை செய்யும் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. கல்சியம் குளோரைட்டு காற்றில் ஈரப்பதன் 29 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதம் போதும். நாலு பக்கமும் கடலும் ஏரியும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் காற்று அதைவிட எப்போதும் ஈரமானது. வீதி பகலிலும் கசிந்துகொண்டே இருக்கும், தூசி எழும்பாது. ஒப்பந்தகாரர் சொன்னதில் அந்தப் பகுதி சரி.

அவர் சொல்லாத பகுதிதான் எங்களுக்கு முக்கியம். மாரி வந்தால் அந்த உப்பு எங்கே போகும்?

நான் வேலை செய்த இடத்தில் வீதிக்கு அடியில் களி இருந்தது. வீதியில் விழும் மழைநீர் வாய்க்கால் வழியாகச் சுரங்கத்தின் சொந்தக் குளத்துக்கு வந்து சேரும். அதே தண்ணீரை மறுபடி வீதிக்கே தெளிப்போம். பக்கத்தில் யாருடைய கிணறும் இல்லை. இங்கே அப்படியா? எங்கள் செம்மண் பல இடங்களில் சில அடிகள்தான். அதற்குக் கீழே வெடிப்பும் குகையுமாகக் கரைந்துபோன சுண்ணாம்புக்கல். கல்லே கரைந்து உருவான ஆழமான நிலாவரைக் கிணற்றைப் பார்த்த எவருக்கும் அது எப்படிப்பட்ட கல் என்று விளங்கும். கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊற்றெடுப்பதும் அதே கல்லின் வெடிப்புகள் வழியாகத்தான். நிலத்தில் விழுந்தது வடிகட்டப்படாமல், தங்காமல், நேரே தண்ணீருக்குப் போகும் நிலம் இது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத குடாநாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள். அந்த மழைதான் எங்கள் முழு வருடத்துக் குடிநீர், தோட்டத்து இறைப்பு எல்லாம். கல்லுக்குள் இறங்கிய அந்த நன்னீர், கடலில் இருந்து உள்ளே வந்த கனமான உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கிறது. கூட இறைத்தால் கிணறு உவராவது அதனால்தான். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று நாலு பக்கத்திலும் இதே நிலைமை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோமீற்றர் நீளமும் ஆறு மீற்றர் அகலமும் உள்ள கிரவல் வீதி ஒன்றை எடுங்கள். மகனீசியம் குளோரைட்டு வழக்கமாக 30 சதவீதக் கரைசலாக வரும். சதுர மீற்றருக்கு இரண்டு லீற்றர் தெளித்தால் மொத்தம் 12,000 லீற்றர். அதற்குள் இருக்கும் குளோரைட்டு மட்டும் மூன்று தொன்னுக்கு மேல். குடிநீரில் லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டைத் தாண்டினால் உப்புச்சுவை தட்டும். எங்கள் நாட்டுக் குடிநீர்த் தரமும் அதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. மூன்று தொன் குளோரைட்டு, 1 கோடி 20 இலட்சம் லீற்றர் நன்னீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரு வீதி, ஒருமுறை தெளிப்பு. எல்லாமே ஒரே கிணற்றுக்குப் போகாது, மழை ஐதாக்கும், உண்மைதான். ஆனால் வருடா வருடம் தெளிக்க வேண்டிய மருந்து அது. ஒருமுறை உள்ளே போன குளோரைட்டு மண்ணில் பிடிபடாது, உக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது.

எங்கள் கிணறுகளுக்கு ஏற்கெனவே போதுமான சுமை இருக்கிறது. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வைத்த 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விஷயம். அதற்கு மேல் இன்னோர் உப்பைச் சேர்க்கத் தேவையில்லை. தோட்டக்காரருக்கும் ஒரு வார்த்தை: புகையிலைக்குக் குளோரைட்டு ஆகாது, இலை சரியாக எரியாது. அந்தத் தண்ணீரை இறைக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கடல் தண்ணீரைப் பவுசரில் அள்ளித் தெளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். லிக்னோசல்பனேற்றுப் பசை உப்பைவிடப் பரவாயில்லை, மரத்தில் இருந்து வருவது. ஆனால் அது தண்ணீரில் கரையும். முதல் மாரி மழைக்கே கழுவுப்பட்டுக் கிணற்றுக்குள் இறங்கும். அங்கே நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனைக் குடித்துவிடும்.

கழிவு ஒயிலைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ரைம்ஸ் பீச் என்று ஒரு சிறிய ஊர் இருந்தது. இரண்டாயிரம் பேர் அளவில் வாழ்ந்தார்கள். வீதிகளுக்குத் தார் போட ஊராட்சியிடம் காசில்லை. 1970களில் தூசியை அடக்க ஒருவரைப் பிடித்துக் கழிவு ஒயில் தெளிப்பித்தார்கள். அந்த ஒயிலோடு இரசாயன ஆலையொன்றின் கழிவும் கலந்திருந்தது. அதில் டையொக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள் இருந்தது. 1983 இல் அரசு அந்த ஊரையே விலைக்கு வாங்கிச் சனங்களை முழுதாக எழுப்பியது. இன்று அந்த இடத்தில் ஊர் இல்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒயில் ஊற்றும் தாயைப் போல, பிள்ளைக்கு முட்டு இழுக்கிறதே என்ற கவலையில் செய்தார்கள். கராஜில் இருந்து வரும் பழைய ஒயிலில் டையொக்சின் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தேய்ந்த உலோகத் துகளும் புற்றுநோயைத் தரக்கூடிய சேர்வைகளும் அதில் உண்டு.

மிசூரி வரைக்கும் போகத் தேவையும் இல்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வாளியில் அள்ளிய தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் படர்ந்திருக்கும். சனங்கள் வருடக்கணக்காக பவுசர்த் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அந்தப் பாடம் எங்கள் மாவட்டத்தில் நடந்தது. அதற்குப் பிறகும் வீதிக்கு ஒயில் ஊற்றுவதை எந்த அலுவலகமும் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது. ஊற்றுகிறவர்களுக்குத் தண்டம் விதிப்பதைவிடக் கராஜ்களில் இருந்து பழைய ஒயிலை ஒழுங்காகச் சேகரிக்கப் பிரதேச சபைகள் ஒரு வழி செய்வது நல்லது. ஒயில் கையில் கிடைப்பதால்தான் ஊற்றுகிறார்கள்.

அப்படியென்றால் தூசிக்கு என்ன வழி? குயின்ஸ்லாந்தில் நான் கற்றதில் முதல் பாடம், மருந்து கடைசியாக வர வேண்டும் என்பது. தூசி எழும்பும் இடத்திலேயே அதை எழும்ப விடாமல் செய்வதுதான் முதல் வேலை.

டிப்பர்களைப் பாருங்கள். பெட்டியின் விளிம்புக்கு மேலே கும்பமாக ஏற்றுகிறார்கள். படங்கு இருந்தால் அதைச் சுருட்டி முன்னுக்குக் கட்டிவிட்டு ஓடுகிறார்கள். பொலிஸ் நிற்கும் இடத்தில் மட்டும் விரிப்பார்கள். பின்கதவின் கீழ் இடுக்கால் தூள் கொட்டுப்பட்டுக்கொண்டே போகும். அந்தத் தூளை அடுத்த வாகனத்தின் சில்லு அரைக்கும், அதற்கடுத்த வாகனம் பறக்கவிடும். இதைத் தடுக்க ஒரு சொட்டு இரசாயனமும் வேண்டாம். விளிம்புக்குக் கீழே ஏற்றி, மேலே சமப்படுத்தி, படங்கை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, பின்கதவு இடுக்குக்கு ரப்பர்ப் பட்டி வைத்தால் போதும். அப்புறம் கல் தோண்டும் கிடங்கில் இருந்து வெளியேறும் வாசலில் சில்லுக் கழுவும் தொட்டி ஒன்று. அந்தத் தண்ணீரை மண்டி அடைய விட்டுத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். கிடங்கு வாசலில் இருந்து காபட் வீதி வரையுள்ள துண்டுக்கு அகழ்வு அனுமதி பெற்றவரே தார் போட வேண்டும் என்று அனுமதிப்பத்திரத்தில் எழுதுங்கள். குடிமனைக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். வேகம் குறையக் குறையத் தூசியும் குறையும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். இவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் கொடுக்கும் உரிமப்பத்திரத்திலும், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் கொடுக்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்திலும் நிபந்தனை போட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. சில நிபந்தனைகள் ஏற்கெனவே இருக்கவும் கூடும். அப்படியானால் அவற்றை அந்தந்தக் கிராம அலுவலர் அலுவலகத்தில் தமிழில் ஒட்டிவிடுங்கள். எதைக் கேட்க உரிமை உண்டு என்று சனங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆலைகளில், கல் பட்டியிலிருந்து குவியலுக்கு விழும் உயரத்தைக் குறைக்கலாம். விழும் இடத்தைத் தகரத்தால் மூடி உள்ளே பனிப்புகார்த் தெளிமுனை வைக்கலாம். குவித்து வைத்த தூளுக்குத்தான் இரசாயனம் உண்மையில் உதவும். ரயில் பெட்டிக்கு அடிக்கிற அதே பொலிமர்ப் பசையோ தாவரப் பசையோ அடித்தால் குவியலின் மேல் பொருக்குக் கட்டும்; காற்று எடுக்காது. ஆனால் பொருக்கு ஒருமுறை உடைந்தால் முடிந்தது. அதனால் வாகனம் ஏறும் வீதிக்கு அதை அடிப்பது வீண்செலவு. அடிக்க வரும் எவரிடமும் அந்த மருந்தின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். "இயற்கையானது, தீங்கில்லாதது" என்ற விளம்பரத் துண்டை ஏற்காதீர்கள். அதில் குளோரைட்டு எவ்வளவு, பெற்றோலியம் எவ்வளவு என்று எழுத்தில் தர மறுக்கிறவருக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. வீதித் தூசியைப் பற்றிப் பேசும்போது சீமெந்துக் கல் அரியும் (அச்சில் வார்க்கும்) இடங்களில் வேலை செய்யும் பெடியன்களை மறந்துவிடுகிறோம். வன்னியில் இருந்து வரும் கருங்கல் தூளை அவர்கள் நாள் முழுக்க மண்வெட்டியால் அள்ளிக் கலக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லில் பளிங்குச் சிலிக்கா பொதுவாகக் குறைவு. கருங்கல்லில் அது தாராளமாக உண்டு. அந்தச் சிலிக்காவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இலேயே வகைப்படுத்திவிட்டது. சுவாசப்பையை இறுக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்து கிடையாது. முகத்தில் கட்டும் சால்வைத் துண்டு அந்தத் தூசியை மறிக்காது. தூளை நனைத்துவிட்டு அள்ளுவதும், N95 வகை முகக்கவசம் போடுவதும், வருடத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே எடுப்பதும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரிகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இந்த இடங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாலே மீதியை நான் எழுதத் தேவையில்லை.

எக்ஸ்ரே என்று சொன்னதும் குயின்ஸ்லாந்தில் நடந்தது ஞாபகம் வருகிறது. சுரங்கத் தொழிலாளரின் கறுப்பு நுரையீரல் நோய் அந்த மாநிலத்தில் ஒழிந்துவிட்டது என்றே பல வருடங்கள் எல்லோரும் நம்பினார்கள். 2015 இல் அது திரும்ப வெளிப்பட்டது. நோய் ஒழிந்திருக்கவில்லை, எக்ஸ்ரேக்களைச் சரியாகப் பார்க்க ஆளில்லாமல் இருந்தது, தூசி அளவீடுகளைக் கண்காணிக்க ஆளில்லாமல் இருந்தது. தெளிக்கிற வேலை நன்றாகத்தான் நடந்தது. அளக்கிற வேலை நடக்கவில்லை. அமெரிக்கா 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சுரங்கக் காற்றில் கரித்தூசிக்கு எல்லை வைத்து, கன மீற்றருக்கு 2 மில்லிகிராமாக இருந்ததை 2016 இல் 1.5 ஆகக் குறைத்தது. அங்கே தொழிலாளியின் உடுப்பிலேயே மானியை மாட்டி அளக்கிறார்கள்.

எங்கள் நாட்டுக்கும் எல்லை உண்டு. 2008 ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி 10 மைக்ரோனுக்கு உட்பட்ட தூசி 24 மணி நேரச் சராசரியில் கன மீற்றருக்கு 100 மைக்ரோகிராமையும், 2.5 மைக்ரோனுக்கு உட்பட்டது 50 ஐயும் தாண்டக் கூடாது. டிப்பர் ஓடும் வீதிகளில் அளவீட்டு மானியைக் கொண்டுவந்து வைத்து, வந்த எண்களைச் சனங்களுக்கு வெளியிடுங்கள். சோழகம் வீசும்போதும் அளக்க வேண்டும். மழைக்குப் பிறகு மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று அறிக்கை எழுதக் கூடாது.

நிலக்கரித் தூசிக்கு மருந்து தெளிக்க இலங்கையில் ஓர் இடம் இருக்கிறது என்றால் அது நுரைச்சோலை. 900 மெகாவாற்று அனல்மின் நிலையத்துக்குக் கடல்வழியாக வரும் கரி அங்கே திறந்த வெளியில் குவிக்கப்படுகிறது. காற்றுக் காலத்தில் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பறக்கிறது என்று அந்த மக்கள் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். அங்கேயும் மணலுக்கடியில் நன்னீரும் அதை நம்பிய தோட்டங்களும் உண்டு. உப்பு அங்கும் ஆகாது, பொருக்குக் கட்டும் பசைதான் பொருந்தும். சம்பூரிலும் அப்படியொரு நிலையம் வர இருந்தது. 2016 இல் அது கைவிடப்பட்டது. அந்த மட்டில் நிம்மதி.

காங்கேசன்துறையையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1950 இல் தொடங்கி 1990 இல் நின்ற சீமெந்து ஆலைக்காகத் தோண்டிய கிடங்குகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. ஆலை ஓடிய காலத்தில் கூரையும் பனையோலையும் வெளுத்துக் கிடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த ஆலையால் வேலை கிடைத்தது, வீடு கட்டச் சீமெந்து கிடைத்தது, அதையும் அவர்களே சொல்வார்கள். கல்லே தோண்டக் கூடாது, வீதியே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தோண்டுவதால் வரும் தூசியின் செலவைத் தோண்டுகிறவர் ஏற்க வேண்டும். அதை ஒழுங்கையில் குடியிருப்பவரின் நெஞ்சுக்கோ எல்லோருக்கும் பொதுவான தண்ணீருக்கோ தள்ளிவிடக் கூடாது.

எனவே அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளாக நான் கேட்பவை இவை. குடாநாட்டுக்குள் எந்த வீதிக்கும் குளோரைட்டு உப்போ கழிவு ஒயிலோ தெளிக்கத் தடை என்று எழுத்தில் அறிவியுங்கள். வேறு எந்த மருந்துக்கும் அனுமதி கொடுக்கும் முன், அந்த வீதியோரக் கிணறுகளில் குளோரைட்டு, மின்கடத்துதிறன், நைத்திரேற்று ஆகியவற்றை மாரிக்கு முன்பும் பின்பும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைக் கொண்டு பரிசோதித்து, முடிவைக் கிணற்றுக்காரருக்குக் கொடுங்கள். படங்கு, சில்லுக் கழுவல், வாசல் வீதிக்குத் தார் ஆகிய மூன்றையும் அகழ்வு அனுமதியின் நிபந்தனையாக்கி, மீறினால் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

கரித்தூளும் சுண்ணாம்புக்கல் தூளும் தண்ணீரும் கொண்டுவந்து, நான் மேலே எழுதியதை உங்கள் கூட்ட மேசையிலேயே செய்து காட்ட எனக்குச் சம்மதம். மருந்து விற்க வருகிறவரையும் அதே கூட்டத்துக்கு அழையுங்கள். அவருடைய தரவுத் தாளை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். நாளைக் குறித்துக் கிராம அலுவலர் மூலம் சொல்லி அனுப்பினால் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி